மின்சார கார்: லாபம் யாருக்கு?

சேலத்தில் தொடங்கி கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கேரளத்தின் வர்த்தகத் தலைநகருக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 544, கொச்சிக்குள் நுழையுமுன் தொடும் தொழில் நகரம் களமசேரி. எச்.எம்.டி. ஆலையும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்த ஊர். இந்தச் சாலையில் சிறிது நேரம் நின்று கவனித்தால் பச்சை நிறப் பதிவுப் பலகை பொருத்திய கார்கள் அடிக்கடி கடந்து செல்வதைக் காணலாம். மின்சார வாகனங்களுக்கென 2018-ல் மத்திய அரசு வகுத்த நிறம் அது. மின்சார கார்களை விரும்பி வாங்கும் மாநிலங்களில் கேரளம் முன்வரிசையில் நிற்கிறது.

இதற்குக் கேரளத்தின் குடியிருப்பு அமைப்பே முதல் காரணம். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது தெரியாத அளவுக்கு வீடுகள் தொடர்ச்சியாக இருக்கும் மாநிலம் அது. தனி வீடு, வீட்டு முன்பு கார் நிறுத்தும் இடம், அதன் சுவரில் ஒரு மின் இணைப்பு என்பது நடுத்தர வர்க்கத்தினருக்கு எட்டாத வசதியல்ல. கூரை மீது சூரிய மின்தகடு பொருத்துவதிலும் கேரளம் முன்னணி மாநிலங்களில் ஒன்று. அலுவலகம் சென்று திரும்பும் தொலைவு ஒருமுறை மின்னேற்றம் செய்தால் கிடைக்கும் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது.

காற்று மாசு, பருவநிலை மாற்றம் ஆகியவை குறித்த விவாதம் முக்கியமானதுதான். ஆனால், கடன் வாங்கி கார் வாங்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி வேறு. கூடுதலாகக் கொடுக்கும் சில லட்சம் ரூபாய் திரும்பக் கிடைக்குமா, எத்தனை ஆண்டுகளில் கிடைக்கும் என்பதுதான் அது. விளம்பரங்கள் இதற்கு அரைகுறை விடையையே தருகின்றன. அரசுகளும் முழு விடையைச் சொல்வதில்லை. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, 2025 செப்டம்பருக்கு முன்பு ரூ. 10 லட்சம் விலையுள்ள ஒரு பெட்ரோல் காரையும், ஏறக்குறைய அதே வசதிகளுடன் ரூ. 13 லட்சம் விலையுள்ள ஒரு மின்சார காரையும் எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் அந்தப் பெட்ரோல் காருக்கு வாகன வரி 13 சதவீதம், அதாவது ரூ. 1.30 லட்சம். மின்சார காருக்கு 5 சதவீதம், அதாவது ரூ. 65 ஆயிரம். காட்சியகத்தில் ரூ. 3 லட்சமாக இருக்கும் விலை வித்தியாசம், வாகனம் சாலைக்கு வரும்போது ரூ. 2.35 லட்சமாகக் குறைகிறது. இந்த வித்தியாசத் தொகையை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால், வட்டியுடன் சேர்த்து ஏறத்தாழ ரூ. 2.93 லட்சம் செலுத்த வேண்டும்.

இனி ஓட்டும் செலவு. கொச்சி நகர நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருவதாகவும், பெட்ரோல் விலை ரூ. 105 என்றும் வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் செலவாகும். மின்னேற்றத்தின்போது ஏற்படும் இழப்பையும் கழித்து, மீட்டரில் பதிவாகும் ஒரு யூனிட்டுக்கு மின்சார கார் 6 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ரூ. 7.50 என்றால் கிலோமீட்டருக்கு ரூ. 1.25 மட்டுமே. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மிச்சம் ரூ. 5.75.

மின்சார காருக்குப் பராமரிப்புச் செலவு குறைவு. என்ஜின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் போன்றவை அதில் இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்திலும் 2022 ஜூன் முதல் 15 சதவீதத் தள்ளுபடி அளிக்கப்பட்டது. ஆனால், வாகனத்தின் விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணம் அதிகம். வீட்டில் மின்னேற்றக் கருவி பொருத்தவும் செலவு உண்டு. இவை ஒன்றையொன்று ஈடு செய்வதாக வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப வர அந்த கார் சுமார் 51 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும்.

களமசேரியில் குடியிருந்து ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது மூன்றரை ஆண்டுக் கணக்கு. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ரூ. 86 ஆயிரம் மிச்சம். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் மட்டும் காரை எடுத்து, ஆண்டுக்கு 6 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எட்டரை ஆண்டு ஆகிவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு அளித்துவந்த உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். லாபம் தொடங்கும் முன்பே உத்தரவாதம் முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு தில்லியில் எடுக்கப்பட்ட ஒரே முடிவால் மாறியது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2019 ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், மின்சார வாகனங்களுக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில், மின்சார வாகனக் கடனுக்கான வட்டியில் ரூ. 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவும் அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதன் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

2025 செப்டம்பர் 22-ல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கூடுதல் தீர்வையும் நீக்கப்பட்டது. மின்சார கார்களுக்கான 5 சதவீதத்தில் மாற்றமில்லை. நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்த தீபாவளிப் பரிசு என்று இதை ஆளும் தரப்பு வர்ணித்தது. நமது எடுத்துக்காட்டில் உள்ள ரூ. 10 லட்சம் பெட்ரோல் காரின் விலை இதனால் ஏறத்தாழ ரூ. 9.15 லட்சமாக இறங்குகிறது. மின்சார காரின் விலை மாறவில்லை என்று கொண்டால், சாலைக்கு வரும்போது இருக்கும் வித்தியாசம் ரூ. 3.31 லட்சமாகவும், வட்டியுடன் ரூ. 4.12 லட்சமாகவும் உயர்கிறது. முதலீடு திரும்ப வர இப்போது சுமார் 72 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். நிறைய ஓட்டுபவருக்கு மூன்றரை ஆண்டு என்பது ஐந்து ஆண்டை நெருங்குகிறது. குறைவாக ஓட்டுபவருக்கு எட்டரை ஆண்டு என்பது 12 ஆண்டாகிவிடுகிறது. மின்சார வாகனமே எதிர்காலம் என்று முழங்கும் அதே அரசு, மறுகையால் பெட்ரோல் காரை மலிவாக்கியிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே நியாயம் இருக்கலாம். ஆனால், அவற்றைச் சேர்த்துப் பார்த்து விளக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு.

மின்சாரக் கட்டணமும் அவ்வளவு எளிமையானதல்ல. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக உயரும் கட்டண முறை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த கட்டணம். ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார், மாதத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். அதுவரை 150 அல்லது 200 யூனிட்டுடன் நிம்மதியாக இருந்த குடும்பம், காரின் காரணமாக அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது மின்விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் சேர்த்தே கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும். தமிழகத்திலும் இரு மாதங்களுக்கு 500 யூனிட் என்னும் எல்லையைத் தாண்டுவோர் இதே அனுபவத்தைப் பெறுவர். கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை பெருமளவு குறையும். அதற்கும் முதலீடு வேண்டும். சொந்தக் கூரையும் வேண்டும்.

சொந்தக் கூரை இல்லாதவரின் நிலை என்ன? அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவரும், தெருவில் காரை நிறுத்துபவரும் பொது மின்னேற்ற நிலையங்களையே நம்ப வேண்டும். அங்கு யூனிட்டுக்கு ரூ. 20 என்றால் கிலோமீட்டருக்குச் செலவு ரூ. 3.30-ஐத் தாண்டும், மிச்சம் ரூ. 3.67 மட்டுமே. நமது புதிய கணக்கின்படி, முதலீடு திரும்ப வர 1.12 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கே ஏழரை ஆண்டு.

இதில் வரி விதிப்பின் முரண்பாடு ஒன்றும் அடங்கியிருக்கிறது. வீட்டில் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பொது நிலையத்தில் மின்னேற்றம் செய்வது சேவையாகக் கருதப்படுவதால் 18 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கப்படுகிறது. சொந்த வீடு உள்ளவருக்கு வரி இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு வரி. காருக்கு 5 சதவீதம் என்று சலுகை அளித்துவிட்டு, அதை ஓட்டத் தேவையான ஆற்றலுக்கு 18 சதவீதம் என்று விதிப்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

கேரள மின்வாரியம் இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டோக்களும் இருசக்கர வாகனங்களும் பயன்படுத்த ஏதுவாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களிலேயே மின்னேற்றக் கருவிகளை அது பொருத்தியது. சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை குறைந்த கட்டணம், மற்ற நேரங்களில் கூடுதல் கட்டணம் என்ற முறையையும் 2025-ல் பொது நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. பகலில் பணியிடத்தில் நிற்கும் காருக்கு அங்கேயே மின்னேற்றம் கிடைத்தால் பயன் உண்டு. களமசேரி போன்ற தொழிற்பேட்டை நகரங்களில் நிறுவனங்கள் செய்ய வேண்டிய பணி இது.

அடுத்து, பேட்டரி. உலகச் சந்தையில் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024-ல் கிலோவாட் மணிக்கு சுமார் 115 டாலராக இறங்கியது. 2010-ல் இது ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. இப்போதும் 30 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரியின் அடக்க விலை சுமார் ரூ. 3 லட்சம். பெட்ரோல் காருக்கும் மின்சார காருக்கும் உள்ள விலை வித்தியாசம் ஏறத்தாழ இதுதான். ஆக, மின்சார கார் வாங்குபவர், பல ஆண்டுகளுக்கான எரிபொருளின் விலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகச் செலுத்திவிடுகிறார் என்று கொள்வதே பொருத்தம். நிறைய ஓட்டுபவர் அந்த முன்பணத்தை முழுமையாகப் பயன்படுத்திக் கொள்கிறார். காரை நிறுத்தியே வைத்திருப்பவர் அதற்கு வட்டி கட்டிக் கொண்டிருக்கிறார்.

இந்தச் சுமையைக் குறைக்கவே பேட்டரியை வாடகைக்கு விடும் முறை வந்தது. 2024 செப்டம்பரில் அறிமுகமான எம்ஜி வின்ட்சர், பேட்டரி நீங்கலாக ரூ. 9.99 லட்சம் என்றும், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 3.50 வாடகை என்றும் அறிவிக்கப்பட்டது. மின்கட்டணத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ரூ. 4.75. பெட்ரோலைவிட ரூ. 2.25 மிச்சம். லாபம் சிறிதுதான், என்றாலும் முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது. இத்தகைய வாகனங்களுக்கு 10 சதவீத வாகன வரி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் கேரள அரசு அறிவித்தது. அதே அறிக்கையில், ரூ. 15 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 8 சதவீதமும், ரூ. 20 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10 சதவீதமும் வரி உயர்த்தப்பட்டது. அதுவரை அனைத்துக்கும் 5 சதவீதம் மட்டுமே. கர்நாடகம் இதற்கு ஓராண்டு முன்பே, 2024-ல், ரூ. 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 10 சதவீத வரியைக் கொண்டுவந்தது.

சலுகைகளை வாரி வழங்கிய மாநிலங்கள் கையைச் சுருக்கத் தொடங்கியது ஏன்? விடை பெட்ரோலில் இருக்கிறது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரப்படவில்லை. மாநிலங்கள் சுயமாக வரி விதிக்கக்கூடிய வாய்ப்புகளில் எஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், மது, வாகனம், பத்திரப் பதிவு என விரல்விட்டு எண்ணக்கூடியவையே. கேரளத்தில் பெட்ரோலுக்கு 30.08 சதவீத விற்பனை வரி. அதன் மேல் கூடுதல் வரியும் தீர்வையும். 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புத் தீர்வையாக லிட்டருக்கு 2 ரூபாய் வேறு. மத்திய அரசும் 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் கலால் வரியை உயர்த்தியது. அன்றைய நிலவரப்படி, கொச்சியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையில் பாதிக்குச் சற்றே குறைவான பகுதி வரிதான்.

அதாவது, பெட்ரோல் கார் ஓட்டுபவர் கிலோமீட்டருக்குச் செலவிடும் 7 ரூபாயில் சுமார் 3 ரூபாய் வரியாகச் செல்கிறது. மின்சார காருக்கு மாறுபவர் மிச்சப்படுத்தும் ரூ. 5.75-ல் பாதிக்கு மேல், அரசுகளுக்குச் செலுத்தாமல் விட்ட வரியே. ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் மாறினால், மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ரூ. 45 ஆயிரம் இழக்கின்றன. 2024-ல் நாட்டில் விற்பனையான மின்சார கார்கள் சுமார் ஒரு லட்சம். மொத்த கார் விற்பனையில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. எனவே இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. நூற்றுக்கு முப்பதாகும்போது எந்த நிதியமைச்சரும் வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்க மாட்டார்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. நார்வேயில் 2024-ல் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்சார கார்கள். பெட்ரோல் கார்களுக்குக் கடும் வரி விதித்து, மின்சார கார்களுக்கு மதிப்புக் கூட்டு வரியை நீக்கியதன் விளைவு அது. அங்கேயே 2023 முதல், 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு அந்த வரி மீண்டும் விதிக்கப்பட்டது. பிரிட்டனில் மின்சார கார்களுக்கும் 2025 ஏப்ரலில் ஆண்டு வாகன வரி வந்தது. 2028 முதல் ஓட்டும் தொலைவுக்கேற்பவும் கட்டணம் வசூலிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் அந்த நாள் வரும். பத்து ஆண்டுகளுக்கு இதே மிச்சம் நீடிக்கும் என்று நம்பி கார் வாங்குபவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

அப்படியானால் அரசின் பணம் எங்கு செல்ல வேண்டும்? இதற்கும் கொச்சியே விடை தருகிறது. 2025 ஜனவரியில் கொச்சி மெட்ரோ நிறுவனம் 15 மின்சாரப் பேருந்துகளை இணைப்புச் சேவைக்காக வாங்கியது. களமசேரி மெட்ரோ நிலையத்திலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் தடமும் அவற்றில் ஒன்று. மருத்துவமனைக்குச் செல்லும் ஏழை நோயாளிக்கு, மின்சார கார் லாபமா என்ற கேள்வி எழப்போவதில்லை. அவருக்குத் தேவை குறித்த நேரத்தில் வரும் ஒரு பேருந்து.

பேருந்தின் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் டீசல் பேருந்துக்கு, டீசல் ரூ. 95 என்றால் கிலோமீட்டருக்குச் செலவு சுமார் ரூ. 24. கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுக்கும் மின்சாரப் பேருந்துக்கு, யூனிட் 8 ரூபாய் என்றால் ரூ. 10-க்கும் குறைவு. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் ஒரு பேருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 10 லட்சம் மிச்சப்படுத்தும். பேருந்து நாள் முழுவதும் ஓடுகிறது. காரோ நாளின் பெரும்பகுதி நிறுத்தத்தில் நிற்கிறது. ஓடும் வாகனத்துக்கே மின்சாரம் லாபம் தரும் என்ற எளிய உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

கொச்சிக் காயலிலும் இதைப் பார்க்கலாம். வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா', நாட்டின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய மின்சாரப் படகுகளுடன் 2023 ஏப்ரலில் நீர் மெட்ரோ தொடங்கியது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் அது நீண்டது. தீவுகளில் வசிக்கும் மக்கள் நகருக்கு வந்து திரும்பும் படகுகள் இவை. பொதுப் பணம் பொதுமக்களைச் சென்றடைந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

மத்திய அரசின் மானியத் திட்டங்கள் இந்த வகையில் சரியான பாதையிலேயே சென்றிருக்கின்றன என்று சொல்ல வேண்டும். 2019 முதல் 2024 வரை ரூ. 10 ஆயிரம் கோடியில் தொடங்கிச் செயல்படுத்தப்பட்ட ஃபேம் இரண்டாம் கட்டமும், 2024 அக்டோபரில் ரூ. 10,900 கோடியில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டமும் சொந்தப் பயன்பாட்டுக்கான கார்களுக்கு மானியம் அளிக்கவில்லை. பேருந்து, ஆட்டோ, இருசக்கர வாகனங்களுக்கே முன்னுரிமை. தமிழகத்திலும் 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் இயக்கப்பட்டன. இந்த எண்ணிக்கைகள் நாட்டின் தேவைக்கு மிகக் குறைவு என்பதுதான் குறை.

இனிச் செய்ய வேண்டியவை சில உண்டு. பொது மின்னேற்றத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை, வாகனத்துக்கு உள்ளதைப் போல 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்னேற்ற வசதியைக் கோரும் வாடகைதாரருக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். மாநிலங்கள் வாகன வரிச் சலுகையை எந்த ஆண்டு வரை, எந்த விலை வரை அளிக்கும் என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிதியமைச்சரின் உரையைக் கேட்ட பிறகே கார் வாங்கலாமா என்று முடிவெடுக்கும் நிலை நல்லதல்ல. பெட்ரோல் வரி வருவாய் குறையும்போது மாநிலங்களின் இழப்பை எப்படி ஈடு செய்வது என்பதை நிதிக்குழுவும் நாடாளுமன்றமும் இப்போதே விவாதிக்கத் தொடங்க வேண்டும். ஜிஎஸ்டி இழப்பீட்டில் மாநிலங்கள் பட்ட பாட்டை யாரும் மறந்துவிடவில்லை.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 12 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவராகவும், சொந்த வீட்டில் மின்னேற்றம் செய்ய வாய்ப்புள்ளவராகவும் இருந்தால் மின்சார கார் இன்றும் லாபமே. வாடகை கார் ஓட்டுநருக்கு அது இன்னும் கூடுதல் லாபம். இரண்டில் ஒன்று இல்லையென்றால், அண்டை வீட்டாரின் கார் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்ற பெருமைப் பேச்சை ஒதுக்கிவிட்டு, தமது வண்டி ஓடும் தொலைவைக் கணக்கிடுவதே புத்திசாலித்தனம். இரண்டுமே இல்லாதவர் மின்சாரத்தில் பயணம் செய்ய, பேருந்தையும் மெட்ரோவையும் படகையும் பெருக்கித் தருவது அரசின் கடமை.